ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார்கள்: ரசிகர்கள் எதிர்ப்பது மின்மோட்டாரையா, உமிழ்வுக் கணக்கையா?

புது தில்லி: ஜெர்மனியின் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி நிறுவனம் 2022 செப்டம்பரில் சி63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸ் என்ற புதிய காரை வெளியிட்டது. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் குறை காண இடமில்லை. 680 குதிரைத்திறன், 1,020 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட 3.4 விநாடிகள் என எல்லாவற்றிலும் அது முந்தைய தலைமுறையை விஞ்சியது. முந்தைய சி63 எஸ் காரின் 4 லிட்டர் வி8 என்ஜின் தந்தது 510 குதிரைத்திறன் மட்டுமே.

ஆனால் அந்த வி8 என்ஜின் இருந்த இடத்தில் இப்போது 2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் என்ஜினும், பின்புற அச்சில் ஒரு மின்மோட்டாரும், 6.1 கிலோவாட் மணித் திறனுள்ள பேட்டரியும் இருந்தன. காரின் எடை 2,111 கிலோவாக உயர்ந்தது. ஏஎம்ஜியின் நீண்டகால வாடிக்கையாளர்கள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. உலகின் மிக முன்னேறிய இயக்க அமைப்புகளுள் ஒன்றாக இருந்தும், பாரம்பரிய வாடிக்கையாளர்களிடம் அது எடுபடவில்லை என்பதை நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் ஷீபே 2025-இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். மின்மோட்டார் துணையுடன் இயங்கும் புதிய வி8 என்ஜின் உருவாக்கப்பட்டு வருவதாகவும் நிறுவனம் அறிவித்துள்ளது.

முந்தைய காரைவிட வேகமானது, வலிமையானது. இருந்தும் விருப்பத்துக்கு உரியதாகவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்களிடையே ஹைபிரிட் தொழில்நுட்பம் குறித்து உலகெங்கும் நடைபெறும் விவாதத்தின் மையம் இந்த முரண்தான். இதனைப் பழமைவாதிகளுக்கும் புதுமை விரும்பிகளுக்கும் இடையிலான சண்டையாகச் சித்திரிப்பது எளிது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் சந்தைக்கு வந்த கார்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு பிளவு தெரிகிறது. மின்சாரம் காரில் யாருக்காக வேலை செய்கிறது? ஓட்டுபவருக்காகவா, உமிழ்வுச் சோதனைக் கூடத்துக்காகவா? ஆர்வலர்களின் தீர்ப்பு பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே அமைகிறது.

ஒரே கருவி, இருவேறு வரவேற்பு

சி63 காருக்கு நேர்ந்ததை போர்ஷே 911 கரேரா ஜிடிஎஸ் காரின் கதையுடன் ஒப்பிடுவது பயனுள்ளது. 1963-இல் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட 911 வரிசையில், சாலையில் ஓடும் முதல் ஹைபிரிட் கார் 2024 மே மாதத்தில் அறிமுகமானது. அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு, 911 காரில் பேட்டரி வைப்பது ஏறத்தாழ ஒரு புனிதக்கேடு என்றே அதன் ரசிகர்களில் பலர் கருதினர். கார் வெளிவந்த பிறகு அந்தக் கோபம் கணிசமாகத் தணிந்தது.

காரணம் அதன் வடிவமைப்பில் இருக்கிறது. ஜிடிஎஸ் காரின் உயர் மின்னழுத்த பேட்டரியின் கொள்ளளவு 1.9 கிலோவாட் மணி மட்டுமே. எடை 27 கிலோ. வெளியிலிருந்து மின்னேற்றம் செய்ய வசதி இல்லை. மின்சாரத்தில் மட்டும் காரை ஓட்டவும் இயலாது. முந்தைய மாடலின் 3 லிட்டர் என்ஜினில் இருந்த இரண்டு டர்போக்களுக்குப் பதிலாக, 3.6 லிட்டராக விரிவாக்கப்பட்ட புதிய ஆறு சிலிண்டர் என்ஜினில் ஒரே ஒரு டர்போ பொருத்தப்பட்டது. அந்த டர்போவின் தண்டின் மீதே ஒரு சிறிய மின்மோட்டார் அமர்ந்திருக்கிறது.

டர்போ என்ஜின்களின் பழைய குறை ஒன்று உண்டு. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை மிதித்த உடனேயே விசை கிடைக்காது. வெளியேறும் புகைவாயு டர்போவின் சக்கரத்தைச் சுழற்றி வேகமெடுக்கச் செய்யும்வரை ஒரு சிறு தாமதம் இருக்கும். போர்ஷேயின் மின்மோட்டார் புகைவாயுவுக்காகக் காத்திராமல் அந்தச் சக்கரத்தை உடனடியாகச் சுழற்றிவிடுகிறது. மாறாக, புகைவாயுவின் அழுத்தம் தேவைக்கு மிஞ்சும்போது அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி 11 கிலோவாட் வரை மின்சாரம் உற்பத்தி செய்கிறது. முன்பு வீணாக வெளியே விடப்பட்ட ஆற்றல் அது. கியர் பெட்டிக்குள் இருக்கும் மற்றொரு மோட்டார் 54 குதிரைத்திறன் வரை சேர்க்கிறது. மொத்தத் திறன் 541 குதிரைத்திறன். எடைக் கூடுதல் 50 கிலோ. ஜெர்மனியின் நூர்பர்கிரிங் வடக்கு வளையத்தில் இந்தக் கார் முந்தைய மாடலைவிட 8.7 விநாடிகள் குறைவாக, 7 நிமிடம் 16.934 விநாடிகளில் ஒரு சுற்றை முடித்தது.

இதில் வியப்பு என்னவென்றால், மின்சாரத்தால் சுழலும் டர்போ சி63 காரிலும் இருக்கிறது. இருவேறு நிறுவனங்களின் கார்களில் உள்ள அந்தக் கருவியின் மூலம் பந்தயத் தடத்தில்தான் இருக்கிறது. 2014 முதல் ஃபார்முலா 1 கார்களில் பயன்படுத்தப்பட்ட வெப்ப ஆற்றல் மீட்பு அலகு இதே கொள்கையில் இயங்கியது. 2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளில் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற போர்ஷே 919 ஹைபிரிட் காரும் புகைவாயுவிலிருந்து மின்சாரம் எடுத்தது. சாலைக் கார்கள் இந்தத் தொழில்நுட்பத்தைத் தழுவத் தொடங்கியிருக்கும் வேளையில், செலவும் சிக்கலும் மிகுந்தது என்று ஃபார்முலா 1 அதனை 2026 விதிகளில் கைவிட்டுவிட்டது என்பது தனி வேடிக்கை.

கருவி ஒன்றே எனில் வரவேற்பு ஏன் மாறியது? போர்ஷே ஆறு சிலிண்டர்களைக் குறைக்கவில்லை, கொள்ளளவைக் கூட்டியது. ஏஎம்ஜி எட்டு சிலிண்டர்களை நான்காகக் குறைத்து, இழந்ததை பேட்டரியால் ஈடுசெய்ய முயன்றது. முதலாவதில் மின்சாரம் என்ஜினுக்குத் துணை. இரண்டாவதில் அது என்ஜினுக்கு மாற்று. விலை கொடுத்து வாங்குபவர்கள் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகவே உணர்ந்துகொண்டனர்.

போர்ஷேயின் தேர்வும் குறையற்றதல்ல. ஜிடிஎஸ் காரில் கையால் இயக்கும் கியர் இப்போது கிடையாது. எட்டு நிலை தானியங்கிக் கியர் பெட்டி மட்டுமே. கிளட்சை மிதித்துக் கியர் மாற்றுவதே ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் என்று கருதுவோர், ஹைபிரிட் அல்லாத கரேரா டி, ஜிடி3 ஆகிய மாடல்களை நாட வேண்டியிருக்கிறது. இந்த இழப்பைப் பற்றிய புகார், ஹைபிரிட் எதிர்ப்புக் குரல்களிலேயே மிக நியாயமானது எனலாம். மின்மோட்டாரைக் குற்றம் சொல்லாமல், அதற்காக விட்டுக்கொடுத்த ஒன்றை அது சுட்டுகிறது.

உமிழ்வுக் கணக்கின் விசித்திரம்

எடை குறித்த விவாதத்துக்கு பிஎம்டபிள்யூ எம்5 மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 2024 ஜூனில் வெளியான புதிய எம்5 காரில் 4.4 லிட்டர் வி8 என்ஜின் தொடர்கிறது. மின்மோட்டாரும் சேர்ந்து 727 குதிரைத்திறன் தருகின்றன. ஆனால் எடை 2,435 கிலோ. முந்தைய தலைமுறையைவிட இது 500 கிலோவுக்கும் மேல் கூடுதல். விளைவாக, 100 கி.மீ. வேகத்தை எட்ட இந்தக் காருக்கு 3.5 விநாடிகள் ஆகின்றன. 625 குதிரைத்திறன் கொண்ட முந்தைய எம்5 காம்பெடிஷன் 3.3 விநாடிகளில் அதை எட்டியது. நூறு குதிரைத்திறன் கூடியும் கார் சற்றே மெதுவாகிவிட்டது.

பிறகு ஏன் இவ்வளவு பெரிய பேட்டரி? பயன்படுத்தத்தக்க 18.6 கிலோவாட் மணி கொள்ளளவு, ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவுக்கு மின்சாரத்தில் மட்டுமே ஓட உதவுகிறது. ஐரோப்பியச் சோதனை முறையில், வெளியிலிருந்து மின்னேற்றம் செய்யத்தக்க பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் உமிழ்வு ஒரு சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. உரிமையாளர் தமது பயணத்தில் பெரும்பகுதியை மின்சாரத்திலேயே ஓட்டுவார் என்ற அனுமானம் அதன் அடிப்படை. பேட்டரி பெரிதாக இருந்தால் இந்த அனுமானப் பங்கும் பெரிதாகும். அதன்படி, இரண்டரை டன் எடைக்கு அருகிலுள்ள இந்த வி8 காரின் அதிகாரபூர்வ கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 2024-இல் வெளியானபோது கிலோமீட்டருக்கு 40 கிராமுக்கும் குறைவாக இருந்தது. சாதாரணக் குடும்பம் ஒன்று வாங்கும் சிறிய பெட்ரோல் ஹைபிரிட் காரின் உமிழ்வைவிட இது குறைவான எண்! சிறிய பேட்டரியும் மின்னேற்ற வசதியின்மையும் கொண்ட 911 ஜிடிஎஸ் காரின் எண்ணோ 240 கிராம் அளவில் இருக்கிறது.

உற்பத்தியாளர்களுக்கு இந்த எண் பெரும் பணமாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நிறுவனம் விற்கும் புதிய கார்களின் சராசரி உமிழ்வு நிர்ணயித்த இலக்கைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும் விற்கப்படும் ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம் விதிக்கப்படும். 2025-இல் இலக்கு மேலும் கடுமையானது. அந்த அழுத்தத்தைத் தாங்க நிறுவனங்களுக்கு 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுச் சராசரியைக் கணக்கில் கொள்ளும் சலுகை பின்னர் வழங்கப்பட்டது. அதிக விலையும் அதிக உமிழ்வும் கொண்ட மாடல்களை விற்கும் நிறுவனத்துக்கு, 40 கிராமுக்குக் கீழான ஒரு வி8 கார் எத்தகைய நிம்மதி தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்குக்கும் சாலை நடப்புக்கும் உள்ள தூரம் ஆவணப்படுத்தப்பட்டுள்ளது. கார்களிலேயே பொருத்தப்பட்ட எரிபொருள் அளவிகளின் தரவுகளைத் திரட்டிய ஐரோப்பிய ஆணையம், பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் உண்மையான உமிழ்வு சோதனைக்கூட மதிப்பைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு அதிகம் என்று 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் தெரிவித்தது. அதாவது, பலர் மின்னிணைப்பைச் செருகுவதே இல்லை அல்லது எதிர்பார்த்த அளவு செருகுவதில்லை. மின்சாரத்தில் ஓட்டும் பங்கைக் கணிக்கும் விதிகள் 2025 முதல் கட்டம் கட்டமாகக் கடுமையாக்கப்பட்டு வருகின்றன. 2027-இல் அடுத்த கட்டம் வருகிறது.

ஆகவே, பேட்டரியைச் சுமந்து திரியும் காரை வாங்கச் சொல்கிறார்கள் என்று ஆர்வலர் ஒருவர் குறைகூறினால் அதை வெறும் பழமை மோகம் என்று தள்ளிவிட முடியாது. மின்னேற்றம் செய்யாமல் ஓட்டப்படும் எம்5 காரில் அந்த அரை டன் கூடுதல் எடை, சுற்றுச்சூழலுக்கும் உதவாமல் ஓட்டுபவருக்கும் உதவாமல் வெறுமனே பயணம் செய்கிறது. அதேசமயம், தினமும் 30 கி.மீ. அலுவலகப் பயணம் மேற்கொண்டு இரவில் வீட்டிலேயே மின்னேற்றம் செய்பவருக்கு அதே கார் வாரநாட்களில் ஒரு மின்சார கார். வார இறுதியில் வி8. அப்படியொரு பயனர் இல்லாத கற்பனை அல்லர். ஆனால் தரவுகளின்படி அவர் பெரும்பான்மையும் அல்லர்.

போர்ஷேயின் தேர்வில் விதிமுறைக்குப் பங்கில்லை என்று சொல்லவும் முடியாது. டர்போ என்ஜின்கள் முழு விசையில் இயங்கும்போது வெப்பத்தைத் தணிக்கக் கூடுதல் எரிபொருளைத் தெளிப்பது வழக்கம். அந்த எரிபொருள் முழுமையாக எரியாமல் மாசாக வெளியேறும். புதிய 911 என்ஜின் எல்லா நிலைகளிலும் காற்றும் எரிபொருளும் சரியான விகிதத்தில் எரியுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. அப்படிச் செய்தால் திறன் குறையும், கொள்ளளவை 3.6 லிட்டராக உயர்த்தியதும் மின்சார உதவியைச் சேர்த்ததும் அந்த இழப்பை ஈடுசெய்யத்தான். விதிமுறை இரு நிறுவனங்களையும் நெருக்கியது. ஒன்று என்ஜினைத் திருத்தியது. மற்றொன்று சோதனை எண்ணைத் திருத்தியது.

மின்மோட்டார் காப்பாற்றிய என்ஜின்கள்

ஹைபிரிட் என்றாலே பெரிய என்ஜின்களின் முடிவு என்ற எண்ணத்துக்கு இத்தாலியிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வந்த கார்கள் மறுப்புத் தெரிவிக்கின்றன. லம்போர்கினி 2023-இல் வெளியிட்ட ரெவுவெல்டோ காரில் 6.5 லிட்டர் வி12 என்ஜின் டர்போ ஏதுமின்றித் தொடர்கிறது. என்ஜின் மட்டுமே 825 குதிரைத்திறன். மூன்று மின்மோட்டார்கள் சேர்ந்து மொத்தம் 1,015. மின்சாரத் துணை இல்லாவிடில் இத்தகைய என்ஜினை ஐரோப்பாவில் தொடர்ந்து விற்பது மிகக் கடினமாகியிருக்கும்.

பிரான்ஸின் மோல்ஸ்ஹைம் நகரில் தயாராகும் புகாட்டி டூர்பியான் இன்னும் ஒரு படி மேலே சென்றது. நான்கு டர்போக்களைக் கொண்ட பழைய 8 லிட்டர் டபிள்யூ16 என்ஜினைக் கைவிட்டு, டர்போவே இல்லாத 8.3 லிட்டர் வி16 என்ஜினுக்கு அது 2024-இல் மாறியது. குறைந்த வேகத்தில் தேவைப்படும் முறுக்குவிசையை மின்மோட்டார்கள் தருவதால் டர்போ தேவையற்றதாகிவிட்டது. அதாவது, ரசிகர்கள் ஏங்கிய இயல்பான என்ஜின் ஒலியைத் திருப்பித் தந்ததே மின்சாரம்தான். 1,800 குதிரைத்திறன் கொண்ட அந்தக் காரில் 800 மின்மோட்டார்களின் பங்கு.

லம்போர்கினியின் டெமராரியோ இந்த வாதத்தின் நடுவில் நிற்கிறது. ஹுராகன் காரில் இருந்த 5.2 லிட்டர் வி10 என்ஜின் மறைந்து, 4 லிட்டர் இரட்டை டர்போ வி8 வந்தது. ரசிகர்கள் முதலில் இழப்பாகவே கண்டனர். ஆனால் புதிய என்ஜின் நிமிடத்துக்கு 10,000 சுழற்சிகள் வரை செல்கிறது. டர்போ பொருத்திய சாலைக் கார்களில் இது அரிது. தொடக்க வேகத்தில் மின்மோட்டார் விசையை நிரப்பிவிடுவதால், உயர் சுழற்சிக்கு ஏற்ற பெரிய டர்போக்களைப் பொருத்த முடிந்தது. இதற்கான விலை எடை: திரவங்கள் இல்லாத நிலையில் 1,690 கிலோ. ஹுராகன் டெக்னிகாவைவிட ஏறத்தாழ 300 கிலோ அதிகம்.

ஃபெராரி இரு வழிகளையும் திறந்து வைத்திருக்கிறது. 296 ஜிடிபி காரில் வி6 என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து 830 குதிரைத்திறன். 2024-இல் வந்த 12சிலிண்ட்ரி காரிலும் அதே 830. ஆனால் அது 6.5 லிட்டர் வி12 என்ஜினிலிருந்து மட்டுமே வருகிறது, மின்சாரத் துளியும் இல்லை. ஒரே நிறுவனம், ஒரே திறன், இரு வழிகள். வாங்குபவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து லே மான் பந்தயத்தை வென்ற ஃபெராரி 499பி ஒரு வி6 ஹைபிரிட் என்பதால், தொழில்நுட்பத்தின் திறமை குறித்த சந்தேகத்துக்கும் அங்கே இடமில்லை.

ஒலி பற்றிய புலம்பலை இங்கேயே குறிப்பிட்டுவிடலாம். பல கார்களில் என்ஜின் ஒலியை ஒலிபெருக்கிகள் வழியே பெருக்கித் தருகிறார்கள். 2025-இல் ஜப்பானில் மீண்டும் விற்பனைக்கு வந்த ஹோண்டா பிரெலூட் ஹைபிரிட் காரில், உண்மையில் இல்லாத கியர்கள் மாறுவது போன்ற உணர்வை மென்பொருள் உருவாக்குகிறது. சிலர் இதை ஏமாற்று என்கின்றனர்; சிலர் மகிழ்ச்சி தரும் வரை கவலையில்லை என்கின்றனர். இது ரசனை சார்ந்தது, எண்களால் தீர்க்கக்கூடியதல்ல.

பத்தாண்டுகளுக்குப் பிறகு

விவாதத்தில் போதிய கவனம் பெறாத ஒன்று பேட்டரியின் ஆயுள். முப்பது ஆண்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்று புதிய விலையைவிட அதிகமாக விற்கப்படுவது உண்டு. அதன் என்ஜினைத் திறமையான மெக்கானிக் ஒருவர் பிரித்துச் சீரமைக்க முடியும் என்பதே அந்த மதிப்பின் அடித்தளம். உயர் மின்னழுத்த பேட்டரிகளோ பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காலப்போக்கில் திறன் இழப்பவை. குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட ஒரு மாடலுக்கான பேட்டரி 2045-இல் கிடைக்குமா என்ற கேள்வி, சேகரிப்பாளர்களுக்குப் பொருளற்ற கேள்வி அல்ல.

இந்த அச்சத்தை ஃபெராரி உணர்ந்திருக்கிறது. கட்டணம் செலுத்தி இணையும் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதத் திட்டத்தில், ஹைபிரிட் கார்களுக்கு 8-ஆம் ஆண்டிலும் 16-ஆம் ஆண்டிலும் புதிய பேட்டரி பொருத்தித் தர அது முன்வந்துள்ளது. 2013-இல் லாஃபெராரியுடன் ஹைபிரிட் பாதையில் இறங்கிய நிறுவனம் என்பதால், பேட்டரி மூப்பு அதற்கு நெருக்கமான பிரச்சினை. மற்ற நிறுவனங்களும் இதுபோன்ற எழுத்துபூர்வ உறுதியைத் தரும்வரை, மறுவிற்பனை மதிப்பு குறித்த தயக்கம் நீடிக்கவே செய்யும்.

இந்தியாவில் மாறிய வரிக் கணக்கு

இந்தியச் சந்தைக்கு இந்தக் கார்கள் தாமதமின்றி வந்துவிடுகின்றன. ரெவுவெல்டோ 2023 டிசம்பரில் ரூ.8.89 கோடிக்கும், சி63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸ் 2024 நவம்பரில் ரூ.1.95 கோடிக்கும், அதே மாதத்தில் எம்5 ரூ.1.99 கோடிக்கும், டெமராரியோ 2025 ஏப்ரலில் ரூ.6 கோடிக்கும் அறிமுகமாயின. இவை அனைத்தும் ஷோரூம் விலைகள்.

2025 செப்டம்பர் 21 வரை இந்திய வரி அமைப்பு ஹைபிரிட் கார்களுக்குச் சிறு சலுகை தந்தது. பெரிய பெட்ரோல் செடான் கார்களுக்கு ஜிஎஸ்டியும் இழப்பீட்டு மேல்வரியும் சேர்ந்து 48 சதவீதம். அதே அளவுள்ள ஹைபிரிட் கார்களுக்கு 43 சதவீதம். ஜிஎஸ்டி சீர்திருத்தத்துக்குப் பிறகு இரண்டுக்கும் ஒரே விகிதம், 40 சதவீதம். முழு மின்சார கார்களுக்கு 5 சதவீதம் என்பது தொடர்கிறது. ஆகவே, ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஸ்போர்ட்ஸ் காரை இந்தியாவில் வாங்குபவருக்கு, ஹைபிரிட் என்பதற்காக மட்டும் கிடைக்கும் வரிப் பலன் இப்போது இல்லை. மின்மோட்டார் தன் தகுதியால்தான் வாங்குபவரை ஈர்க்க வேண்டும்.

பெரிய சுமை சுங்கவரியில் இருக்கிறது. 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள, முழுமையாகக் கட்டமைத்து இறக்குமதி செய்யப்படும் கார்களுக்கான அடிப்படைச் சுங்கவரி 2025 பட்ஜெட்டில் 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் 40 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி சேர்க்கப்பட்டதால் மொத்தச் சுமை பழையபடி 110 சதவீதமாகவே நின்றது. 2026 ஜனவரியில் பேச்சுவார்த்தை நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்ட இந்திய-ஐரோப்பிய ஒன்றிய வர்த்தக ஒப்பந்தம், ஆண்டு ஒதுக்கீட்டு வரம்புக்குள் வரும் கார்களுக்கு இதனைப் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைக்க வழிசெய்கிறது. அது நடைமுறைக்கு வரும்போது, ஜெர்மனி, இத்தாலியிலிருந்து வரும் கார்களின் விலை வரிசை முற்றிலும் மாறக்கூடும்.

இந்தியப் பயன்பாட்டில் இரு தரப்பு வாதங்களுக்கும் வேறு நிறம் கிடைக்கிறது. தில்லி, பெங்களூரு போன்ற நகரங்களின் நெரிசலில் வி8 என்ஜினை ஊர்ந்தபடி இயக்குவதைவிட எம்5 காரை மின்சாரத்தில் ஓட்டுவது எளிது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் மின்னிணைப்பு இருந்தால் மட்டுமே அது சாத்தியம். மறுபுறம், வேகத்தைச் சட்டபூர்வமாகச் சுவைக்க உத்தரப் பிரதேசத்தின் புத் சர்வதேசத் தடம், சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை, கோவையின் கரி தடம் எனச் சில இடங்களே உள்ளன. வெயில் காலத்தில் தொடர்ந்து சுற்றுகள் அடிக்கும்போது பேட்டரியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது எந்த ஹைபிரிட் காருக்கும் கடினமான சோதனை. சி63 காரின் பேட்டரியில் 560 மின்கலங்களையும் தனித்தனியே குளிர்விக்க 14 லிட்டர் குளிர்விப்புத் திரவம் சுற்றிவருகிறது என்பதே அந்தச் சவாலின் அளவைக் காட்டும்.

நிறுவனங்களின் பின்வாங்கல்

ரசிகர்களின் குரல் நிறுவனங்களின் திட்டங்களை எட்டியிருக்கிறது. 2030-இல் தனது மாடல்களில் 40 சதவீதம் முழு மின்சாரமாக இருக்கும் என்று முன்பு கூறிய ஃபெராரி, 2025 அக்டோபரில் அதனை 20 சதவீதமாகக் குறைத்தது. எஞ்சியவற்றில் பாதி ஹைபிரிட், பாதி முழுப் பெட்ரோல். போர்ஷே 2025 செப்டம்பரில் சில மின்சார மாடல்களை ஒத்திவைத்து, பெட்ரோல், ஹைபிரிட் மாடல்களுக்குக் கூடுதல் காலம் அளித்தது. லம்போர்கினியும் தனது முதல் முழு மின்சார காரைத் தள்ளிவைத்தது.

இந்தப் பின்வாங்கலில் ஒரு திருப்பம் இருக்கிறது. ஹைபிரிட் கார்களை எதிர்த்தவர்கள் எதிர்பார்த்தது பழைய பெட்ரோல் யுகத்தின் மீட்சி. கிடைத்ததோ இன்னும் நீண்ட ஹைபிரிட் யுகம். முழு மின்சார காருக்கு முன்னோட்டமாக, ஓரிரு ஆண்டுகளுக்கான ஏற்பாடாகக் கருதப்பட்ட தொழில்நுட்பம் இப்போது ஸ்போர்ட்ஸ் கார்களின் நிரந்தர வடிவமாகும் நிலையில் உள்ளது. ஐரோப்பாவில் 2035 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு ஏறத்தாழ முழுத் தடையாக இருந்த விதியைத் தளர்த்தி, உமிழ்வை 90 சதவீதம் குறைத்தால் போதும் என்றும், பிளக்-இன் ஹைபிரிட் கார்களுக்கு அதன் பிறகும் இடமுண்டு என்றும் ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்தது.

எத்தகைய ஹைபிரிட் என்பதை அடுத்து வரும் கார்கள் காட்டும். போர்ஷே தனது ஜிடிஎஸ் வழியையே 911 டர்போ எஸ் காரிலும் பின்பற்றியுள்ளது. 2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் அறிமுகமான அந்தக் காரில் மின்சார டர்போக்கள் இரண்டு; திறன் 711 குதிரைத்திறன்; எடைக் கூடுதல் 85 கிலோ; நூர்பர்கிரிங் நேரம் 7 நிமிடம் 03.92 விநாடிகள், முந்தைய மாடலைவிட ஏறத்தாழ 14 விநாடிகள் குறைவு. ஏஎம்ஜி வி8 என்ஜினுக்குத் திரும்புகிறது. பெரிய பேட்டரிக்குக் கிடைத்து வந்த சோதனைக்கூடச் சலுகை 2027-இல் மேலும் சுருங்கும்போது, பிஎம்டபிள்யூ எம்5 போன்ற கார்களின் அதிகாரபூர்வ எண்ணும் உயரும். அப்போது அந்த அரை டன் எடையை அடுத்த தலைமுறையிலும் சுமப்பதா என்பதை முனிச்சில் உள்ள பொறியாளர்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.